கோதுமை வயலின் நடுவே ஒரு பாத்தியம்

ஜூன் மாதம். கோதுமை இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. வேலியோரத்தில் ஒரு மரக்கம்பம், அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத் தகடு, தகட்டில் ஒரு மஞ்சள் அம்பு. அம்பு காட்டும் பக்கம் வரப்பு இல்லை, பயிர்தான் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பயிருக்கு வகிடு எடுத்ததுபோல் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு கோடு, மூலைக்கு மூலை குறுக்காக ஓடி எதிர்வேலியில் முடிகிறது. தெற்கு இங்கிலாந்தில் முதன்முதலாக அப்படி ஒரு அம்புக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கால் எழவில்லை. விளைந்து நிற்கிற வெள்ளாமைக்குள் பூட்ஸ் காலோடு இறங்குவதாவது! மரியாதையாக ஓரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். எதிரே டிராக்டரில் வந்தவர் வண்டியை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் கையை நீட்டி நடுவயலைக் காட்டிவிட்டுப் போனார். பாதை அங்கே இருக்கிறது, ஓரத்தில் நடப்பதுதான் அத்துமீறல் என்று அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த நாட்டுச் சுற்றுலாக் கையேடுகளில் ‘எளிய நடை’ என்று ஒரு வகை உண்டு. ஆறேழு கிலோமீட்டர் தூரம், அலையலையாக ஒரு குன்று, கொஞ்சம் காடு, கீழே ஆற்றங்கரை, கிளம்பிய இடத்துக்கே திரும்பிவரும் சுற்றுப்பாதை. மூட்டுவலிக்காரரும் எட்டு வயதுப் பிள்ளையும் போய்வரலாம். படத்தைப் பார்த்தால், நிலம் அப்படி வாய்த்திருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றும். நிலம் வாய்த்தது பாதிக் கதைதான். அதைவிட மெத்தென்ற குன்றுகள் உலகில் எத்தனையோ இடங்களில் உண்டு. அங்கே முள்கம்பியும் உண்டு, கட்டவிழ்த்துவிட்ட நாயும் உண்டு. இங்கிலாந்தில் ஒருவர் காலையில் கிளம்பி யார் யாருடைய நிலத்தின் வழியாகவோ நடந்து மாலையில் வீடு திரும்ப முடிவதற்கு முதற்காரணம் பாறையும் மழையும் அல்ல, பாத்தியம்.

உரிமை என்று சொல்லாமல் பாத்தியம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் கிரயப் பத்திரங்களில் எல்லைகளை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மாமூல் தடத்தில் நடக்கவும் வண்டி வாகனம் ஓட்டவும் உள்ள பாத்தியம் என்று ஒரு வரி வரும். அது பக்கத்து நிலக்காரருக்கு, அவருடைய நிலத்துக்குப் போய்வருவதற்காக மட்டும் உள்ளது. இங்கிலாந்து வயலில் ஓடுகிற கோட்டின் பாத்தியம் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனுக்கும் உண்டு. அங்கே சட்டத்தின் கண்ணில் லாரி ஓடும் சாலையும் பயிருக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதையும் ஒரே இனம். இரண்டுக்கும் ‘ஹைவே’ என்றே பெயர். ஒருமுறை பொதுவழி ஆனது என்றும் பொதுவழியே என்பது அங்குள்ள நீதிமன்றங்களின் பழைய வாக்கு. நிலம் கைமாறலாம், வாரிசுகள் கூறுபோட்டுக்கொள்ளலாம், யாரும் நடக்காமல் ஐம்பது ஆண்டுகள் புதர் மண்டிக் கிடக்கலாம். முறைப்படி ஆணை பிறப்பித்து நீக்கும்வரை வழி வழியாகவே இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர் பாதைகள் இருக்கின்றன. பூமியை ஐந்து சுற்று சுற்றினாலும் மிச்சம் இருக்கும்.

அம்பின் நிறத்துக்கும் பொருள் உண்டு. மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். கத்தரிப்பூ நிறத்தில் குதிரை வண்டி வரை அனுமதி, சிவப்பில் மோட்டார் வண்டியும் போகலாம். எளிய நடைகள் பெரும்பாலும் மஞ்சளிலும் நீலத்திலுமே முடிந்துவிடும்.

நிலக்காரருக்கு இதில் இருக்கும் கடமைகள் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கின்றன. வயலின் ஓரமாகப் போகும் பாதையை அவர் உழவே கூடாது. நடுவில் குறுக்காகப் போகும் பாதையை, வேறு வழியில்லை என்றால், உழுது விதைக்கலாம். ஆனால் 14 நாட்களுக்குள் அந்தத் தடத்தைக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு மறுபடி நடக்கத் தோதாக மிதித்துச் சமன்படுத்தித் தர வேண்டும். பயிர் வளர்ந்து பாதையை மூடினால் வெட்டிவிட வேண்டியவரும் அவரே. நான் பார்த்த வகிடு யாரோ நடந்து நடந்து உண்டானது அல்ல, சட்டத்துக்குப் பயந்து ஒரு விவசாயி எடுத்தது. இந்த அளவுகள் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை.

காளை மாட்டுக்கும் ஒரு விதி இருக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெர்சி, ஃப்ரீசியன், ஏர்ஷயர் போன்ற பால் இனக் காளைகளில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட எதையும் பொதுப்பாதை போகும் வயலில் விடக்கூடாது. இறைச்சிக்கு வளர்க்கும் இனக் காளை என்றால், கூடவே பசுக்களோ கிடாரிகளோ மேய வேண்டும். துணை இருந்தால் காளைக்கு வழிப்போக்கர் மீது அக்கறை குறையும் என்பது கணக்கு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு காளையின் வயதையும் குலத்தையும் எப்படிக் கணிப்பது என்பதைச் சட்டம் நமக்கே விட்டுவிட்டது. உண்மையில் அஞ்ச வேண்டியது கன்று போட்ட பசுவுக்கு, அதிலும் கையில் நாயைப் பிடித்துக்கொண்டு போகும்போது. மாடுகள் துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள் என்று அரசின் கிராமப்புற நடத்தை விதியே சொல்கிறது. நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், நம்மால் முடியாது.

நடப்பவருக்கு உள்ள பாத்தியமும் எல்லையற்றது அல்ல. போகலாம், வரலாம், வழியில் சற்று இளைப்பாறலாம், அவ்வளவுதான். இதற்கு ஒரு வேடிக்கையான வழக்கு இருக்கிறது. ரட்லண்ட் கோமகனின் மேட்டுநிலத்தில் கிரவுஸ் என்ற காட்டுப்பறவையை வேட்டையாட ஏற்பாடு நடந்தது. அவர்மேல் வருத்தத்தில் இருந்த ஹாரிசன் என்பவர், அந்த நிலத்தைக் கடந்து சென்ற பொதுச்சாலையில் நின்றுகொண்டு, துப்பாக்கிகளை நோக்கி வந்த பறவைகளைக் குடையை விரித்து மூடித் திசைதிருப்பினார். கோமகனின் ஆட்கள் அவரைத் தரையோடு அமுக்கிப் பிடித்துவைத்தார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 1893இல் தீர்ப்பானது. சாலை நடப்பதற்கு, பறவை விரட்டுவதற்கு அல்ல, அந்த நேரத்தில் ஹாரிசன் அங்கே அத்துமீறி நின்றவரே என்றது நீதிமன்றம். பொதுவழியில் நின்றுகொண்டே அத்துமீற முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்ததில்லை.

இந்தக் கோடுகளை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வரையவில்லை. வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு, பண்ணையிலிருந்து மாவரைக்கும் ஆலைக்கு, ஊரிலிருந்து சந்தைக்கு என்று வேலைக்காகப் போன கால்கள் போட்ட தடங்கள் அவை. சில வழிகளில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு தேவாலயக் கல்லறைக்குப் போனார்கள். சிலவற்றில் வேல்ஸிலிருந்து நூற்றுக்கணக்கில் மாடுகளை லண்டன் பக்கத்துச் சந்தைகளுக்கு ஓட்டிப்போனார்கள். டோர்செட் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பாறை இளகிய மணற்கல். அங்கே சில தடங்கள் கால்களாலும் சக்கரங்களாலும் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தில் மழைநீர் ஓடி ஓடி, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலாகக் கீழே இறங்கிவிட்டன. இருபுறமும் பாறைச்சுவர், மேலே மரக்கிளைகள் கூடிக் கூரை, உச்சிவேளையிலும் பச்சை இருட்டு. இருபுறமும் வேலி உயர்ந்த கொங்கு நாட்டு வண்டித்தடமான இட்டேரியைக் கிணற்றுக்குள் இறக்கியதுபோல என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். ‘ஹாலோவே’ என்பது அதன் பெயர். சுவரில் கையை வைத்தால் மணல் விரலோடு உதிர்கிறது. எத்தனை நூற்றாண்டுக் கால்கள் சேர்ந்து அதைத் தோண்டின என்பது அப்போது உறைக்கும்.

பிறகு வேலிகள் வந்தன. 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஊர்ப் பொதுவாக மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்ட நிலங்களும், கலந்து கிடந்த திறந்தவெளி வயல்களும் தனித்தனி உடைமைகளாகப் பிரித்து அடைக்கப்பட்டன. மொத்தம் சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். இன்று நாம் ‘அழகான இங்கிலாந்து கிராமப்புறம்’ என்று படம் பிடிக்கிற கட்டம் கட்டமான வயல்களும் நேர்கோட்டுப் புதர்வேலிகளும் பல இடங்களில் இந்த அடைப்பின் தழும்புகள்தாம். அடைத்தபோது பிரிவினைப் பத்திரத்தில் சில பாதைகளை எழுதிவைத்தார்கள், பல பாதைகள் எழுதப்படாமலேயே போயின. எஞ்சியவற்றுக்கும் 1815இல் ஒரு கண்டம் வந்தது. இரண்டு நீதிபதிகள் சேர்ந்து, இந்தப் பாதை தேவையற்றது என்று கருதினால் மூடிவிடலாம் என்றது அந்த ஆண்டுச் சட்டம். நீதிபதி என்றால் சம்பளம் வாங்கும் அதிகாரி என்று நினைக்க வேண்டாம். அந்த வட்டாரத்து நிலக்கிழார்களே அந்தப் பதவியில் இருந்தார்கள். உன் தோட்டத்துப் பாதையை நான் மூடுகிறேன், என் தோட்டத்துப் பாதையை நீ மூடு என்று ஆனது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையானது. பாதையில் நடந்து வயலுக்குப் போனவர்களிடமிருந்து அல்ல. அவர்கள் நிலக்கிழாரின் கூலிகள், வாய்திறக்க முடியாது. எதிர்ப்பு நகரங்களிலிருந்து வந்தது. 1824இல் யார்க் நகரிலும் 1826இல் மான்செஸ்டரிலும் பழைய பாதைகளைக் காக்கச் சங்கங்கள் தோன்றின. ஆறு நாள் ஆலைப் புகையில் இருந்துவிட்டு ஏழாம் நாள் மூச்சுவிட வெளியே போக வழி வேண்டும் என்ற தவிப்பு அது. பொழுதுபோக்காக வயல்வெளியில் நடப்பது என்ற பழக்கமே பெருமளவுக்கு ஆலை நகரங்கள் பெற்ற பிள்ளை.

1932ஆம் ஆண்டில் இரண்டு சம்பவங்கள். ஒன்று அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞரின் தலைமையில் சுமார் 400 பேர் ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து கிளம்பி, கிரவுஸ் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. தண்டனை அத்துமீறி நுழைந்ததற்காக அல்ல, கலவரத்துக்காகவும் தாக்குதலுக்காகவும். வெறுமனே அத்துமீறி நுழைவது அங்கே பொதுவாகக் குற்றம் அல்ல, நிலக்காரர் உரிமையியல் வழக்குதான் போட முடியும். ‘அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று நிற்கும் பலகைகளுக்கு வழக்கறிஞர்கள் ‘மரப்பொய்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது சம்பவத்துக்குச் சிலை கிடையாது, பாட்டும் கிடையாது. எளிய நடைக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டியது அதற்குத்தான் என்பது என் கட்சி. அதே ஆண்டில் வழிப் பாத்தியச் சட்டம் நிறைவேறியது. ஒரு பாதையில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்து வந்திருந்தால், நிலக்காரர் அதைப் பொதுவழியாகக் கொடுத்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்று அது சொன்னது. அதுவரை, எந்தக் காலத்து நிலக்காரர் எந்த எண்ணத்தோடு வழியை விட்டார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது நான் நடந்தேன், என் தகப்பன் நடந்தார் என்று நான்கு கிழவர்கள் சாட்சி சொன்னால் போதும். நம் வக்கீல்களுக்கும் இந்த எண் புதிதல்ல. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டமும் வழிப் பாத்தியத்துக்கு இதே 20 ஆண்டுகளைத்தான் கேட்கிறது.

ஆனால் நடந்த விதத்தில் மூன்று நிபந்தனைகள் உண்டு. பூட்டை உடைத்துப் போயிருக்கக் கூடாது, ஒளிந்து போயிருக்கக் கூடாது, அனுமதி கேட்டுப் போயிருக்கவும் கூடாது. மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். பண்புள்ளவராக ஒவ்வொரு முறையும் ஐயா போகட்டுமா என்று கேட்டுவிட்டு நடந்தவருக்குப் பாத்தியம் வராது. சொந்தப் பாதைபோல நிமிர்ந்து நடந்தவருக்கே வரும்.

1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பாதைகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்றும்படி மாவட்ட மன்றங்களுக்கு உத்தரவிட்டது. கணக்கெடுப்பைப் பெரும்பாலும் அந்தந்த ஊர் மன்றங்களே செய்தன. ஆர்வமுள்ள ஊரில் ஒரு சந்துகூட விடவில்லை. ஏனோதானோ என்று செய்த ஊரில் பாதிகூட ஏறவில்லை. அதனால் இன்றும் வரைபடத்தில் ஓர் ஊரில் ஜோராக ஓடிவரும் பாதை, பக்கத்து ஊர் எல்லையைத் தொட்டதும் வயல் நடுவில் திடீரென்று நின்றுவிடும். நடப்பவருக்கு அது விளங்காத புதிர். அந்தக் காலத்து மன்றத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால் சில நேரம் விளங்கிவிடும்.

சரி, பாத்தியம் இருக்கிறது. கால் ஏன் வலிப்பதில்லை?

தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ், சில்டர்ன்ஸ் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. வடமேற்கே உள்ள காட்ஸ்வோல்ட்ஸ் அதைவிடப் பழைய, தேன்நிறச் சுண்ணக்கல். கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் படிந்து இறுகி, பிறகு நிலத்தோடு மேலே எழும்பியதுதான் இந்தச் சுண்ணாம்பு. விரலால் தேய்த்தால் பள்ளிக்கூடக் கரும்பலகை ஞாபகம் வரும். உயரமும் பெரிதல்ல. சில்டர்ன்ஸின் உச்சி 267 மீட்டர், காட்ஸ்வோல்ட்ஸின் உச்சி 330 மீட்டர். சுமார் நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்த மிகப் பெரிய பனிப்படலம் லண்டனின் வட எல்லை வரை வந்து நின்றுவிட்டது, சவுத் டவுன்ஸைத் தொடவில்லை. தொடாவிட்டாலும் அதன் குளிர் எட்டியது. தரை உறைந்து, கோடையில் மேல்மண் மட்டும் இளகி, கூழாகச் சரிவில் வழிந்து வழிந்து குன்றின் முனைகளை எல்லாம் மழுக்கிவிட்டது. அந்த அலையலையான வளைவு அப்படி வந்தது.

இந்தக் குன்றுகளுக்கு நடுவே ஆறில்லாத பள்ளத்தாக்குகள் இருப்பதும் அதனால்தான். சுண்ணாம்பு தண்ணீரை உறிஞ்சிவிடும் பாறை, மேலே ஓடை நிற்காது. ஆனால் தரை உறைந்து கிடந்த காலத்தில் உறிஞ்ச முடியவில்லை, பனி உருகிய நீர் மேலேயே ஓடிப் பள்ளம் பறித்தது. பிரைட்டன் நகரத்துக்கு அருகே ‘டெவில்ஸ் டைக்’ என்ற பள்ளத்தாக்கு சுமார் நூறு மீட்டர் ஆழம். கடலை உள்ளே விட்டு ஊர்களை மூழ்கடிக்கச் சாத்தான் வெட்டிய வாய்க்கால் என்பது ஊர்க்கதை.

நடப்பவருக்கு இதில் இரண்டு லாபம். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் தரை கால்வைக்கத் தோதாகிவிடும், செம்மறி ஆடுகள் கொரித்துக் கொரித்துப் புல் கம்பளமாக இருக்கும். இன்னொன்று ஊர்களின் நெருக்கம். உறிஞ்சிய நீர் குன்றின் அடியில், சுண்ணாம்பு முடிந்து களிமண் தொடங்கும் கோட்டில் ஊற்றாக வெளியே வருகிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில்தானே ஊர். குன்றின் அடிவாரம் நெடுக மணி கோத்ததுபோல் ஊர்கள் வரிசையாக இருப்பது அதனால்தான். ஓர் ஊரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து பார்த்தால் அடுத்த கோபுரம் தெரியும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு நாலு பாதை என்றால் மூன்று மணி நேரச் சுற்று ஒன்றை எங்கிருந்து வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம்.

களிமண் நிலத்தில் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. சசெக்ஸ், கென்ட் மாவட்டங்களின் வீல்ட் பகுதியில் பிப்ரவரி மாதம் நடந்தால் ஒவ்வொரு பூட்ஸும் இரண்டு கிலோ சேற்றைத் தூக்கிக்கொண்டு வரும். கையேட்டில் ‘எளிது’ என்று எழுதியவர் ஜூலையில் போயிருப்பார்.

காடுகளைப் பற்றி ஒரு திருத்தம். வழியில் வரும் காட்டை மனிதக் கை படாத வனம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து மரம் நின்றுவரும் இடத்துக்குத்தான் ‘பழங்காடு’ என்று பெயர். அதற்கு முன்பு மரம் நடும் வழக்கம் அரிது, எனவே அப்போதே இருந்த காடு தானாக வந்த காடாகத்தான் இருக்கும் என்பது அதன் பின்னுள்ள ஊகம். ஆனால் அந்தப் பழங்காடுகளில் நூற்றாண்டுகளாக வேலை நடந்திருக்கிறது. ஹேசல் மரத்தை அடியோடு வெட்டிவிட்டால் தூரிலிருந்து நேர்நேராகப் பத்துப் பதினைந்து குச்சிகள் கிளம்பும். ஏழு முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை வெட்டி வேலிப்படலுக்கும் கரிக்கும் விற்றார்கள். முறைவைத்து ஒவ்வொரு பகுதியாக வெட்டியதால் காட்டுக்குள் வெயில் மாறி மாறி விழுந்தது. வெட்டியதை வெளியே இழுத்துவர வண்டித்தடம் வேண்டும். இன்று நாம் நிழலில் நடக்கும் அகலமான காட்டுப்பாதை அந்த விறகு வண்டியின் பாதைதான். காட்டின் எல்லையில் பள்ளமும் அதையொட்டி ஒரு மண்கரையும் கண்டால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இளந்தளிரை மாடு மேயாமல் இருக்க வெட்டிய அகழி அது.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை இந்தக் காடுகளின் தரை நீலமாகிவிடும். புளூபெல் என்ற கிழங்குச் செடி, மேலே மரங்கள் இலைவிட்டு வெயிலை மறைப்பதற்கு முன் அவசர அவசரமாகப் பூத்து முடிக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் அடர்த்தி பத்தடி தள்ளித்தான் இருப்பதுபோல் தெரியும், காலடியில் இடைவெளி தெரியும். அதனால் படம் எடுப்பவர்கள் ஓரடி, இன்னும் ஓரடி என்று உள்ளே போய்க்கொண்டே இருப்பார்கள். மிதிபட்ட இலை எழாது, இலை போனால் கிழங்குக்கு அந்த ஆண்டு உணவு போயிற்று. மிதித்த இடம் தேற ஆண்டுகள் ஆகும். பல காடுகளில் இப்போது மே மாதத்துக்காகவே பாதையோரம் கயிறு கட்டுகிறார்கள். கயிற்றைத் தாண்டி நின்று குடும்பப் படம் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், படம் நன்றாகத்தான் வந்திருக்கும்.

குன்று, காடு, ஆறு மூன்றிலும் ஆற்றுப்பள்ளத்தாக்கு நடைதான் சுலபம். ஏற்றமே இல்லை. தேம்ஸ் நதிக்கரைப் பாதை 1996இல் தேசியப் பாதையாகத் திறக்கப்பட்டது, சுமார் 296 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி படகு இழுத்த குதிரைகள் நடந்த கரை. பாதை ஏன் அடிக்கடி இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாவுகிறது என்று நடப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். கரையோர நிலக்காரர் குதிரையை விடாத இடங்களில் இழுவைப் பாதை எதிர்க்கரைக்கு மாறியது, குதிரையைப் பரிசலில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். பரிசல்துறைகள் பின்னர் ஒவ்வொன்றாக நின்றுபோயின, பாதை துண்டுபட்டது. தேசியப் பாதை அமைக்க அவ்வளவு காலம் பிடித்ததற்கு இந்த ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

‘எளிது’ என்ற சொல்லுக்கு அளவுகோல் உண்டா என்றால், 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் ஓடுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எட்டு கிலோமீட்டர், 150 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 51 நிமிடம் வரும். யாரும் அந்த நேரத்தில் முடிப்பதில்லை. நெய்ஸ்மித் கணக்கில் ‘ஸ்டைல்’ கிடையாது. நாம் சொல்லும் ஸ்டைல் அல்ல இது, வேலியின் குறுக்கே பொருத்திய இரண்டு படிப்பலகை. மனிதன் ஏறிக் கடப்பான், ஆடு கடக்காது. எட்டு கிலோமீட்டரில் இருபது வந்துவிட்டால் முழங்கால் எண்ணத் தொடங்கிவிடும். அதனால் இப்போது பல இடங்களில் அவற்றை எடுத்துவிட்டு ‘கிஸ்ஸிங் கேட்’ வைக்கிறார்கள். அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் ஒற்றைக் கதவு அது. ஒருவர் உள்ளே நுழைந்து ஓரம் ஒதுங்கிக் கதவைத் தள்ளித்தான் மறுபக்கம் போக முடியும், மாட்டுக்கு அந்த வித்தை தெரியாது. கதவு இருபக்கச் சட்டங்களையும் மாறி மாறித் தொடுவதால் வந்த பெயராம் அது. உடன் வருபவரைப் பொறுத்து வேறு விளக்கங்களும் வழக்கில் உண்டு.

கையில் வரைபடம் இருந்தால் 25,000க்கு ஒன்று என்ற அளவில் உள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே தாள் போதும். 1791இல் ராணுவத்துக்காகத் தொடங்கிய நிறுவனம் அது, இன்று அதை விரிப்பவர்களில் பெரும்பாலோர் சாண்ட்விச் பொட்டலத்தோடு வருபவர்கள். பச்சைச் சிறு கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் குதிரைப்பாதை. இந்த அளவில்தான் ஒவ்வொரு வேலியும் தெரியும். பாதை வேலிக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் அரைக் கிலோமீட்டர் நடந்து, கடைசியில் கடக்க முடியாத முள்வேலியின் முன் நின்றவருக்கு அதன் அருமை தெரியும்.

இவ்வளவும் கோட்டுக்குள்தான். கோட்டை விட்டு இறங்கித் திரியும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலம், புதர்நிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றுக்குக் கொடுத்தது. இங்கிலாந்தின் பரப்பில் அது சுமார் 8 சதவீதம். ஸ்காட்லாந்து 2003இல் அநேகமாக எல்லா நிலத்துக்கும் நீர்நிலைக்கும் கொடுத்துவிட்டது. அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முள்ளும் இருந்தது. 1949க்கு முந்தைய பாதைகள் 2026 ஜனவரி 1க்குள் வரைபடத்தில் ஏறாவிட்டால் அவற்றின் பாத்தியம் போய்விடும் என்றது. தன்னார்வலர்கள் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பழைய அடைப்புப் பத்திரங்களையும் தேவாலயத்துக்குக் கட்டிய தசமவரியின் வரைபடங்களையும் புரட்டத் தொடங்கினார்கள். கெடு பிறகு 2031க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப் போவதாக அரசு அறிவித்தது.

20 ஆண்டுக் கணக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலக்காரர்களுக்கும் அது தெரியும். தன் நிலத்தில் ஆட்கள் நடப்பதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் பாத்தியம் ஆகிவிடக் கூடாது என்று நினைப்பவர் மாவட்ட மன்றத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யலாம். அதைவிடப் பழைய முறை ஒன்று உண்டு. ஆண்டில் ஒரே ஒரு நாள் கேட்டைப் பூட்டிவிடுவது. பெரும்பாலும் கிறிஸ்துமஸ் அன்று பூட்டுவார்கள், எப்படியும் யாரும் வரப்போவதில்லை. 364 நாள் திறந்தே கிடக்கும் கதவுக்கு அந்த ஒரு நாள் மட்டும் துருப்பிடித்த சங்கிலியும் பூட்டும் போட்டு ஒரு சீட்டைத் தொங்கவிடுவார்கள். மறுநாள் காலையில் நாயோடு வருபவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். இருபதில் எத்தனை கழிந்திருந்தாலும், முந்தின நாளோடு கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது.